கடைமடைக்கும் பாக்கெட் போய்ச் சேர: நெட்வொர்க் சுவிட்சில் முன்னுரிமை அமைப்பது எப்படி

மன்னார்குடிக்கு அருகே உள்ள ஓர் அரிசி ஆலையில், சம்பா அறுவடை முடிந்து நெல் லாரிகள் வாசல்வரை வரிசைகட்டி நிற்கும் தை மாதத்தில், எடைச்சீட்டு அச்சாகி வருவதற்கு அரை நிமிடம் ஆகிறது என்றும், ஐ.பி. தொலைபேசியில் எதிர்முனைக் குரல் வெட்டி வெட்டிக் கேட்கிறது என்றும் சொல்லி என்னை அழைத்தார்கள். 50 எம்.பி.பி.எஸ். இணைய இணைப்பை 200 ஆக உயர்த்திவிடலாமா என்பதுதான் முதலாளி கேட்ட முதல் கேள்வி. ஆனால் எடைச்சீட்டுத் தகவல் இணையத்துக்கே போவதில்லை. எடைமேடை அறையிலிருந்து அலுவலகத்தில் உள்ள சர்வருக்குப் போய், வளாகத்துக்குள்ளேயே திரும்பி வந்துவிடுகிறது. இணைய வேகத்தை நான்கு மடங்காக்கியிருந்தாலும் லாரிகள் அப்படியேதான் நின்றிருக்கும்.

அந்த ஆலையின் அமைப்பையே எடுத்துக்காட்டாக வைத்து, மேனேஜ்டு சுவிட்ச் (பல கருவிகளைக் கேபிளால் இணைக்கும், அமைப்புகளை நாமே மாற்றக்கூடிய பெட்டி) ஒன்றில் பலவகைத் தரவுகளுக்கு முன்னுரிமை அமைக்கும் முறையை இங்கே விளக்குகிறேன். எடைமேடை அறையில் ஒரு சுவிட்ச் இருந்தது. அதில் பன்னிரண்டு கண்காணிப்புக் கேமராக்களும், எடைமேடைக் கணினியும், ஒரு தொலைபேசியும் இணைக்கப்பட்டிருந்தன. அங்கிருந்து அலுவலகச் சுவிட்சுக்கு 100 எம்.பி.பி.எஸ். வேகத்தில் ஒரே ஒரு கேபிள் சென்றது. சர்வரும், கேமராப் பதிவுக்கருவியும், இணைய ரூட்டரும் அலுவலகத்தில் இருந்தன. சிறு மருத்துவமனை, கல்லூரி விடுதி, திருமண மண்டபம் என எதை எடுத்துக்கொண்டாலும் அமைப்பு பெரும்பாலும் இதே சாயலில்தான் இருக்கும்.

நெருக்கடி உண்டாகும் இடம்

முன்னுரிமை தண்ணீரைப் பெருக்காது. இருக்கும் தண்ணீரை யாருக்கு முதலில் விடுவது என்பதை மட்டுமே அது தீர்மானிக்கும். வாய்க்காலில் தண்ணீர் தட்டில்லாமல் ஓடும்வரை மதகில் முறை வைக்கத் தேவையில்லாதது போலவே, சுவிட்சின் ஒரு போர்ட்டிலிருந்து (கேபிள் செருகும் துளை) வெளியேற வேண்டிய பாக்கெட்டுகள் (தரவின் சிறு துண்டுகள்) காத்திருக்க நேராதவரை முன்னுரிமைக்கு எந்த வேலையும் இல்லை. ஆகவே அமைப்புப் பக்கத்தைத் திறப்பதற்கு முன்பு, எந்தப் போர்ட்டில், எந்தத் திசையில் வரிசை உண்டாகிறது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். உள்ளே வரும் வழிகளின் கூட்டு வேகம் வெளியேறும் வழியின் வேகத்தை மிஞ்சக்கூடிய இடங்களே ஐயத்துக்குரியவை. இந்த ஆலையில் அப்படி இரண்டு இடங்கள் இருந்தன: எடைமேடைச் சுவிட்சிலிருந்து அலுவலகத்துக்குச் செல்லும் கேபிள் ஒன்று, ரூட்டரிலிருந்து இணையத்துக்குச் செல்லும் வாசல் மற்றொன்று.

இங்கே பலரும் ஏமாறும் ஒரு நுட்பம் உண்டு. ஒவ்வொரு கேமராவும் 4 எம்.பி.பி.எஸ். அளவில் அமைக்கப்பட்டிருந்ததால், பன்னிரண்டுக்கும் சேர்த்து 48 எம்.பி.பி.எஸ். ஆகிறது. சுவிட்சின் ஐந்து நிமிடச் சராசரி வரைபடமும் கேபிளில் பாதிதான் பயன்படுகிறது என்று காட்டியது. ஆனால் கேமரா தன் தரவைச் சீராக அனுப்புவதில்லை. குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு முழுப் படத்தையும், அதற்கு இடைப்பட்ட நேரத்தில் படத்தில் மாறிய பகுதிகளை மட்டும் அனுப்புகிறது. நான்கைந்து கேமராக்களின் முழுப் படங்கள் ஒரே கணத்தில் வந்து சேர்ந்தால், ஒவ்வொன்றும் தன் போர்ட்டில் 100 எம்.பி.பி.எஸ். வேகத்தில் நுழைந்து, வெளியேற ஒரே ஒரு 100 எம்.பி.பி.எஸ். வழியில் முட்டிக்கொள்கின்றன. அந்தச் சில மில்லி வினாடிகளுக்குள், பாக்கெட்டுகள் காத்திருக்கும் சிறு நினைவகமான பஃபர் நிரம்பிப் பாக்கெட்டுகள் கைவிடப்படுகின்றன. சராசரி வரைபடத்தில் அதன் சுவடுகூடத் தெரியாது. எனவே வரைபடத்தை ஒதுக்கிவிட்டு, அந்தப் போர்ட்டில் கைவிடப்பட்ட பாக்கெட்டுகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். அது ஏறிக்கொண்டே இருந்தால் நெருக்கடி அங்கேதான்.

காத்திருப்பின் அளவையும் ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். முழு நீள ஈதர்நெட் ஃபிரேம் (கேபிளில் செல்லும் வடிவில் ஒரு பாக்கெட்) ஒன்று 100 எம்.பி.பி.எஸ். வழியில் வெளியேற ஏறத்தாழ 0.12 மில்லி வினாடி ஆகும். முன்னால் 300 ஃபிரேம்கள் நின்றால் காத்திருப்பு 37 மில்லி வினாடி. அதே 300 ஃபிரேம்கள் 10 எம்.பி.பி.எஸ். வழியில் நின்றால் 370 மில்லி வினாடி. தொலைபேசி உரையாடலில் ஒரு திசைத் தாமதம் 150 மில்லி வினாடிக்குள் இருப்பது நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐ.டி.யு. அமைப்பின் ஜி.114 பரிந்துரை. ஆகவே வேகம் குறைந்த வழிகளில்தான் முன்னுரிமையின் அருமை தெரியும்.

இதற்கும் முந்தைய வேலை ஒன்று உண்டு, அது கேபிளைச் சோதிப்பது. ஆலைகளில் எலித் தொல்லை சாதாரணம். 1 ஜி.பி.பி.எஸ். வேகத்துக்கு கேபிளின் நான்கு இணைக் கம்பிகளும் வேண்டும், 100 எம்.பி.பி.எஸ். வேகத்துக்கு இரண்டு இணைகள் போதும். 100-க்குத் தேவைப்படாத இணைகளில் ஒரே ஒரு கம்பியை எலி கடித்துவிட்டாலும், இணைப்பு அறுந்துவிடாமல், பெரும்பாலும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிக்கொள்ளும். போர்ட்டின் வேகத்தையும், பிழை எண்ணிக்கையையும் பார்த்துவிட்டு மேலே செல்லுங்கள். பழுதான கேபிளுக்கு எந்த முன்னுரிமை அமைப்பும் மருந்தாகாது.

குறி எழுதப்படும் இரண்டு இடங்கள்

எது குரல், எது படம், எது பில் என்பதைச் சுவிட்ச் பாக்கெட்டின் உள்ளடக்கத்தைப் படித்துத் தெரிந்துகொள்வதில்லை. அதன் முன்பகுதியான தலைப்பில் (ஹெடர்) எழுதப்பட்ட குறியைப் பார்த்தே பிரிக்கிறது. அந்தக் குறி இரண்டு இடங்களில் இருக்கலாம்.

முதலாவது, விலான் (ஒரே சுவிட்சுக்குள் பிரிக்கப்படும் தனி வலையமைப்பு) எண்ணைத் தாங்கும் 4 பைட் 802.1க்யூ ஒட்டில் உள்ள 3 பிட்டுகள். இதில் 0 முதல் 7 வரை எட்டு வகுப்புகள் உண்டு. எண் கூடினால் முன்னுரிமை கூடும் என்ற எண்ணம் பொதுவாகச் சரி என்றாலும், 1 என்பது 0-வுக்கும் கீழே, பின்னணி வேலைகளுக்கு என ஒதுக்கப்பட்டது. 2-ஆம் வகுப்பு இன்னும் குழப்பமானது: பழைய அட்டவணையில் அது 0-வுக்குக் கீழே இருந்தது, பின்னர் வந்த அட்டவணையில் மேலே ஏறிவிட்டது. சந்தையில் இரண்டு அட்டவணைகளையும் பின்பற்றும் சுவிட்சுகள் கிடைப்பதால், எந்த வகுப்பு எந்த வரிசைக்குப் போகிறது என்பதை அமைப்புப் பக்கத்தில் கண்ணால் பார்க்காமல் நம்பிவிடாதீர்கள்.

இரண்டாவது, ஐ.பி. தலைப்பில் உள்ள 6 பிட்டுகள், இதற்கு டி.எஸ்.சி.பி. என்று பெயர். 1998-இல் வகுக்கப்பட்ட இந்தக் குறியில் 0 முதல் 63 வரை 64 மதிப்புகள் உண்டு. குரலுக்கு 46 என்பது உலகெங்கும் நிலைத்துவிட்ட வழக்கம். 46-ஐ இரும எண்ணாக எழுதினால் 101110. அதன் முதல் மூன்று பிட்டுகள் 5. பல சுவிட்சுகள் டி.எஸ்.சி.பி. மதிப்பை 8-ஆல் வகுத்து, முழு எண்ணை மட்டும் வகுப்பாக எடுத்துக்கொள்வதால், 46 தானாகவே 5-ஆம் வகுப்பில் சேரும்.

விலான் ஒட்டு கழற்றப்படும் போர்ட்டில் அதிலிருந்த 3 பிட் குறியும் சேர்ந்தே மறைந்துவிடும், ஐ.பி. தலைப்புக் குறியோ பாக்கெட்டின் கூடவே பயணம் செய்யும். அதனால் இயன்றவரை டி.எஸ்.சி.பி. குறியை நம்பி அமைப்பதையே நான் விரும்புகிறேன். இந்த ஆலையில் குரலுக்கு 46, எடைமேடைக்கும் பில்லுக்கும் 26, கேமராக்களுக்கு 18, மற்றவற்றுக்கு 0 என்று வைத்தேன். குரலின் 46-ஐத் தவிர மற்ற எண்கள் நான் தேர்ந்தவை. வளாகம் முழுவதும் ஒரே மாதிரி இருக்கும்வரை உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

நம்பிக்கையின் எல்லை

குறியைப் பாக்கெட்டை அனுப்பும் கருவியே எழுதிக்கொள்ள முடியும் என்பதால், எந்தப் போர்ட்டில் வரும் குறியை நம்புவது என்பதை நாம்தான் முடிவுசெய்ய வேண்டும். தொலைபேசிகள் பெரும்பாலும் தாமாகவே 46 எழுதி அனுப்பும். அந்தப் போர்ட்டுகளை நம்பலாம். கணினிகள் இருக்கும் போர்ட்டுகளை நம்பக்கூடாது. எல்லாரும் தம் பாக்கெட்டுக்கு 46 என்று எழுதிக்கொண்டால், எல்லாரும் தலைமடைக்காரர் ஆகிவிடுவார்கள். முறை வைத்ததற்குப் பொருளே இல்லாமல் போய்விடும்.

தொலைபேசியின் பின்புறத்தில் உள்ள இரண்டாவது துளையில் கணினியை இணைத்திருந்தால் ஒரே போர்ட்டில் இரண்டும் வரும். அப்போது தொலைபேசிக்கென்று தனிக் குரல் விலான் அமைத்து, ஒட்டுடன் வரும் பாக்கெட்டின் குறியை மட்டும் ஏற்று, ஒட்டில்லாமல் வரும் கணினிப் பாக்கெட்டின் குறியை 0 ஆக்குங்கள். சுவிட்சும் தொலைபேசியும் தம் விவரங்களைப் பரிமாறிக்கொள்ளும் எல்.எல்.டி.பி.-மெட் வசதி இருந்தால் எந்த விலானில் சேர வேண்டும், என்ன குறி எழுத வேண்டும் என்பதைச் சுவிட்சே தொலைபேசிக்குச் சொல்லிவிடும்.

கேமராக்கள் தாமாகச் சரியான குறி எழுதுவதை எதிர்பார்க்காதீர்கள். அவற்றைத் தனி விலானில் வைத்து, அந்த விலானில் நுழையும் எல்லாவற்றுக்கும் 18 என்று சுவிட்சே எழுதும்படி விதி அமைப்பது எளிது. எடைமேடைக் கணினிக்கு இன்னும் கூர்மையான விதி தேவைப்பட்டது. அதே கணினியிலிருந்து நாள்தோறும் சர்வருக்குக் காப்புப்பிரதியும் போகும் என்பதால், போர்ட் முழுவதற்கும் 26 கொடுத்தால் காப்புப்பிரதியும் பில்லோடு சேர்ந்து சலுகை பெற்றுவிடும். ஆகவே சர்வரின் முகவரியோடு எடைமேடை மென்பொருள் பயன்படுத்தும் டி.சி.பி. எண்ணும் (எந்த மென்பொருளுக்கான தரவு என்று காட்டும் எண்) பொருந்தினால் மட்டும் 26, இல்லையென்றால் 0 என்று விதி எழுதினேன்.

ஓர் எச்சரிக்கை. சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் 2960, 3560 போன்ற பழைய சுவிட்சுகளில் முன்னுரிமை வசதியை இயக்கிய கணமே, நம்பும்படி தனியாகச் சொல்லப்படாத போர்ட்டுகளில் வரும் குறிகள் எல்லாம் 0 ஆக மாற்றப்படும். வசதியை இயக்கிய பிறகு நிலைமை முன்பைவிட மோசமாவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். நம்பிக்கை விதிகளை முதலில் எழுதிவிட்டு வசதியை இயக்குங்கள்.

வரிசைகளும் அவற்றின் பங்கும்

ஒவ்வொரு போர்ட்டின் வெளியேறும் பக்கத்திலும் பல வரிசைகள் இருக்கும். சிறு சுவிட்சுகளில் நான்கு, பெரியவற்றில் எட்டு என்பது பொதுவான எண்ணிக்கை. எந்த வரிசையிலிருந்து அடுத்த பாக்கெட்டை எடுப்பது என்பதற்கு இரண்டு அடிப்படை முறைகள் உண்டு. ஸ்ட்ரிக்ட் பிரையாரிட்டி என்ற முறையில், மேல் வரிசையில் ஒரு பாக்கெட் இருக்கும்வரை கீழ் வரிசைகள் காத்தே இருக்க வேண்டும். வெயிட்டட் ரவுண்ட் ராபின் என்ற முறையில், ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பங்கு வைத்துச் சுழற்சியாக எடுக்கப்படும். டெல்டாக்காரர்களுக்கு இதை முறைப்பாசனம் என்று சொன்னால் போதும். ஒரு வகையில் இது முறைப்பாசனத்தைவிட மேலானது: ஒரு வரிசை காலியாக இருந்தால் அதன் பங்கு வீணாகாமல் அந்தக் கணமே மற்ற வரிசைகளுக்குப் போய்விடும்.

ஸ்ட்ரிக்ட் முறையைக் கண்டபடி பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதை என் தவறாலேயே தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன்பு திருத்துறைப்பூண்டிப் பக்கம் இதே போன்ற ஒரு வேலையில், திருட்டுப் பயத்தினால் கேமராதான் முக்கியம் என்று அவர்கள் சொன்னதைக் கேட்டு, பன்னிரண்டு கேமராக்களையும் ஸ்ட்ரிக்ட் வரிசையில் வைத்தேன். படம் தெளிவாக வேண்டும் என்று ஒவ்வொன்றையும் 8 எம்.பி.பி.எஸ். ஆகவும் உயர்த்தினேன். பன்னிரண்டை எட்டால் பெருக்கினால் 96. நூற்றில் தொண்ணூற்றாறு மேல் வரிசைக்கே போனபின், பில் போடும் கணினிக்கு ஏதும் மிஞ்சவில்லை. ஆற்றில் தண்ணீர் நிறைய வந்தும் தலைமடை மதகுகள் திறந்தபடியே கிடப்பதால் கடைமடை வயல் வெடித்துப் போகுமே, அதே கதைதான். பெருக்கல் கணக்கை நான் முதலிலேயே போட்டிருக்க வேண்டும்.

ஆகவே ஸ்ட்ரிக்ட் வரிசையில், அளவில் சிறியதும் தாமதத்தைத் தாங்காததுமான தரவை மட்டும் வையுங்கள். குரல் அப்படிப்பட்டது. ஜி.711 என்ற குரல் குறியாக்க முறையில் வினாடிக்கு 50 பாக்கெட்டுகள், ஒவ்வொன்றிலும் 160 பைட் குரல். எல்லாத் தலைப்புகளையும் சேர்த்தால் ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் ஏறத்தாழ 87 கே.பி.பி.எஸ். ஆறு பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் அரை எம்.பி.பி.எஸ். அளவுதான். சுவிட்சில் வசதி இருந்தால், அந்த வரிசைக்கு 2 எம்.பி.பி.எஸ். என்று உச்ச வரம்பும் வைத்துவிடலாம். தவறான குறியோடு ஏதேனும் நுழைந்துவிட்டாலும் மற்றவர்கள் பட்டினி கிடக்க மாட்டார்கள்.

மற்ற மூன்று வரிசைகளையும் சுழற்சி முறையில் வைத்து, எடைமேடைக்கும் பில்லுக்கும் 50, கேமராக்களுக்கு 35, மற்றவற்றுக்கு 15 என்று பங்கிட்டேன். கேமராக்களின் தேவை 48 ஆயிற்றே, 35 எப்படிப் போதும் என்று கேட்கலாம். பில் தரவு தன் பங்கான 50-இல் ஒரு துளியைத்தான் பயன்படுத்தும். மிச்சமெல்லாம் கேமராக்களுக்கும் காப்புப்பிரதிக்கும் 35-க்கு 15 என்ற விகிதத்தில் பிரியும். பங்கு என்பது உச்சவரம்பு அல்ல, நெருக்கடியிலும் கிடைத்தே தீரும் குறைந்தபட்ச உரிமை.

சுழற்சி முறை பாக்கெட்டுகளை எண்ணிப் பங்கிடுகிறதா, பைட்டுகளை எண்ணிப் பங்கிடுகிறதா என்பதையும் பாருங்கள். பாக்கெட்டை எண்ணும் சுவிட்சில், 1500 பைட் கேமராப் பாக்கெட்டும் 200 பைட் பில் பாக்கெட்டும் ஒன்றுக்கு ஒன்று என்று கணக்காவதால், காகிதத்தில் எழுதிய பங்கு நடப்பில் கேமரா பக்கம் சாய்ந்துவிடும். டெஃபிசிட் ரவுண்ட் ராபின் என்ற பெயரில் பைட்டை எண்ணும் வகை இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

802.3எக்ஸ் ஃப்ளோ கன்ட்ரோல் வசதியை இந்தப் போர்ட்டுகளில் அணைத்துவிடுங்கள். எதிர்முனை திணறும்போது அது வகை பார்க்காமல் போர்ட் முழுவதையும் நிறுத்திவிடும் என்பதால், குரலும் கேமராவோடு சேர்ந்து நின்றுவிடும்.

இணைய வாசல்

ரூட்டரில் வேறொரு சிக்கல் உண்டு. ரூட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் இடையிலான கேபிள் 1 ஜி.பி.பி.எஸ்.; அதற்கு அப்பால் வாங்கியிருக்கும் வேகம் 50 எம்.பி.பி.எஸ். ரூட்டர் தயங்காமல் எல்லாவற்றையும் தள்ளிவிடும். வரிசை உண்டாவது சேவை நிறுவனத்தின் கருவியில். நம் 46-ஐ அங்கே யாரும் மதிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே ரூட்டரில் ஷேப்பிங் வசதியைக் கொண்டு வெளியேறும் வேகத்தை 45 எம்.பி.பி.எஸ். என்று நாமே குறைத்துக்கொள்ள வேண்டும். அப்போது வரிசை நம் கருவியில் உண்டாகும், முறையையும் நாமே வைக்கலாம். 5 எம்.பி.பி.எஸ். போகிறதே என்று முதலாளி முகம் சுளித்தார். கும்பகோணத்து வீட்டிலிருந்து அவர் கைபேசியில் கேமரா பார்க்கும் நேரத்திலும் அலுவலகத்துத் தொலைபேசி வெட்டாமல் கேட்டபின் அந்தப் பேச்சு எழவில்லை. உள்ளே வரும் திசையிலும் இதே போல வரம்பு வைத்தால், டி.சி.பி. இணைப்புகள் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும்.

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்து டெல்டாவைப் புரட்டிப்போட்ட பிறகு, மாற்று ஏற்பாடாக 4ஜி ரூட்டர் ஒன்றை வைத்திருக்கும் இடங்களைப் பார்க்கிறேன். அந்த வழிக்கு ஷேப்பிங் அளவைத் தனியாக அமைக்க வேண்டும். ஃபைபர் அறுந்து 8 எம்.பி.பி.எஸ். வழிக்கு மாறியபின் 45 என்ற வரம்பு இருந்தும் இல்லாததே. அந்த வழியில் கேமராவை இணையத்துக்கு விடாமல் அடைத்துவிடுவது உத்தமம்.

சோதனை

அமைத்து முடித்ததும், வேண்டுமென்றே நெருக்கடியை உண்டாக்கிப் பாருங்கள். எடைமேடை அறையிலிருந்து சர்வருக்குச் சோதனைத் தரவை அனுப்பும் ஐபெர்ஃப் மென்பொருளால் கேபிளை நிரப்பிக்கொண்டே, தொலைபேசியில் பேசுங்கள், எடைச்சீட்டு போடுங்கள். பிங் கட்டளையால் தாமதத்தை அளக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: பிங் பாக்கெட் சாதாரணமாக 0 குறியோடு கடைசி வரிசையில் செல்லும். அதன் தாமதம் கூடியதைக் கண்டு அமைப்பு தோற்றது என்று முடிவுகட்டக்கூடாது. உண்மையில் முறை சரியாக வேலை செய்வதன் அறிகுறி அது. லினக்ஸ் பிங் கட்டளையில் பெரிய எழுத்து க்யூ விருப்பத்துக்கு 184 என்று கொடுத்தால், குரலுக்கான வரிசையிலேயே அளக்கலாம். 46-ஐ நான்கால் பெருக்கினால் வரும் எண் அது. நம்பாத போர்ட்டிலிருந்து அனுப்பினால் அந்தக் குறி அழிந்துவிடும் என்பதால், சோதனை முடியும்வரை மட்டும் அந்தப் போர்ட்டை நம்பும்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

குறி வழியில் எங்காவது அழிந்துபோகிறதா என்ற ஐயம் இருந்தால், சர்வர் போர்ட்டை மற்றொரு போர்ட்டுக்கு மிரர் செய்து (அங்கு செல்லும் பாக்கெட்டுகளின் நகலை எடுத்து), பாக்கெட்டுகளைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் ஐ.பி. தலைப்பைத் திறந்து பாருங்கள். 26 என்று எழுதி அனுப்பியது 0 என்று வந்து சேர்ந்தால், இடையில் ஏதோ ஒரு போர்ட் நம்பிக்கைப் பட்டியலில் விடுபட்டிருக்கிறது. கடைசியாக, ஒவ்வொரு வரிசையிலும் கைவிடப்பட்ட பாக்கெட்டுகளின் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கிவிட்டு, ஒரு முழு நாள் கழித்துப் பாருங்கள். குரல் வரிசையில் 0 என்றே இருக்க வேண்டும். பொது வரிசையில் சில ஆயிரம் இருந்தாலும் குற்றமில்லை, கைவிடப்பட்ட காப்புப்பிரதிப் பாக்கெட்டை டி.சி.பி. மறுபடி அனுப்பிக்கொள்ளும். கேமரா வரிசையில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், பங்கைக் கூட்டுவதைவிட அந்தக் கேபிளை 1 ஜி.பி.பி.எஸ்.-க்கு மாற்றுவதே சரி. எடைமேடை 100 மீட்டருக்கு அப்பால் இருந்தால் தாமிரக் கேபிள் உதவாது, ஃபைபர்தான் போட வேண்டும்.

எல்லாம் முடிந்தபின் அமைப்பைச் சேமிக்க மறவாதீர்கள். பல சுவிட்சுகளில், மாற்றங்கள் உடனே நடப்புக்கு வந்தாலும், சேமி என்று தனியாகச் சொன்னால்தான் மின்வெட்டுக்குப் பிறகும் நிலைக்கும். அந்த ஆலையில், எந்தக் குறி எந்த வரிசைக்கு, எந்த வரிசைக்கு எவ்வளவு பங்கு, ரூட்டரில் என்ன வரம்பு என்பதை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, உமித் தூசி படியாமல் பிளாஸ்டிக் உறையில் இட்டு, சுவிட்ச் பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிவிட்டு வந்தேன்.